டைல் ஒட்டும் முன்னே: குளியலறைச் சுவரில் ஓதம் ஏறாமல் காக்கும் வேலை, முதலிலிருந்து கடைசி வரை

பாளையங்கோட்டையில் என் அக்கா வீட்டில் பீரோவை நகர்த்தியபோதுதான் தெரிந்தது. பீரோ சாய்ந்திருந்தது குளியலறையின் மறுபக்கச் சுவரில். அதன் முதுகு முழுக்கத் துரு. சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்து, தொட்டால் வெள்ளை உப்பு மாவாக உதிர்ந்தது. அடித்தட்டில் மடித்து வைத்திருந்த அம்மாவின் பட்டுச்சேலை இரண்டும் மக்கிப் போயிருந்தன. வீடு கட்டி நாலு வருஷம்கூட ஆகவில்லை. குளியலறைக்குள் போய்ப் பார்த்தால் டைலில் ஒரு கீறல் கிடையாது, பளபளவென்று நிற்கிறது.

"டைல்தான் தலை உயரத்துக்கு ஒட்டியிருக்கே, பொறவு எப்படி தம்பி தண்ணி போவும்?" என்று அக்கா கேட்டாள்.

கட்டட மேற்பார்வை வேலையில் இருபது வருஷமாக இருக்கிறேன். இந்தக் கேள்வியை மேலப்பாளையத்திலும் கேட்டிருக்கிறேன், அம்பாசமுத்திரத்திலும் கேட்டிருக்கிறேன், வள்ளியூரிலும் கேட்டிருக்கிறேன். டைல் தண்ணீரைத் தடுப்பதற்கான பொருள் இல்லை. அது சுவரைத் தேய்த்துக் கழுவ வசதியாக வைக்கிற மேல்தோல். டைலுக்கும் டைலுக்கும் நடுவில் இருக்கிற சிமென்ட் கிரவுட் தண்ணீரைக் குடிக்கும். குடித்த தண்ணீர் டைலின் முதுகுக்குப் போய், அங்கிருந்து பூச்சு, அங்கிருந்து செங்கல், அங்கிருந்து அக்காவின் பீரோ. இப்படிச் சுவரில் ஊறி ஏறுகிற ஈரம்தான் ஓதம். தடுக்க வேண்டிய பொருள் டைலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதை டைல் ஒட்டும் முன்னால் மட்டும்தான் வைக்க முடியும்.

நம் பக்கத்தில் இந்தப் பிரச்சினை பெரிதானதற்கு ஒரு காரணம் உண்டு. ஆச்சி காலத்தில் குளியல் ஆற்றில், இல்லாவிட்டால் புறவாசல் கிணற்றடியில். தனியாகக் குளிப்பறை கட்டினாலும் அது வீட்டை விட்டுத் தள்ளி, நாலு பக்கமும் வெயில் காய நின்றது. நனைந்த சுவர் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். இப்போது ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒரு குளியலறை. நடுவில் நாலரை இஞ்ச் சுவர். ஒரு பக்கம் ஷவர், மறுபக்கம் கட்டில். அந்தச் சுவருக்கு வெயிலும் கிடையாது, காற்றும் கிடையாது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

புது வீடு என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஏற்கெனவே ஓதம் அடிக்கிற வீட்டில் உளியை எடுக்கும் முன் மூன்று முதல் ஆறு நாள் பொறுமை வேண்டும்.

அந்தக் குளியலறையில் மூன்று நாள் யாரும் குளிக்காதீர்கள். ஆனால் தொட்டித் தண்ணீர் பைப்பில் நிற்கட்டும். மறுபக்க ஈரம் குறைந்தால் கசிவு டைல் வழியாக. குறையாமல் அப்படியே இருந்தால் சுவருக்குள் ஓடுகிற பைப்பையோ அதன் இணைப்பையோ சந்தேகப்படுங்கள். அந்த அறைக்குப் போகிற வால்வை மூடி இன்னும் மூன்று நாள் விட்டால் அதுவும் தெளிவாகிவிடும். தரைத்தளத்தில் குளியலறையை ஒட்டாத சுவர்களிலும் முழங்கால், இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தால், அது மண்ணிலிருந்து அடித்தளம் வழியாக ஏறுகிற ஓதம். அதற்கு வைத்தியமே வேறு. குளியலறையை உடைத்துப் பயன் இல்லை.

படுக்கையறைப் பக்கம் பெயின்டைச் சுரண்டிவிட்டு 'டேம்ப் புரூஃப்' என்கிற ஈரத்தடுப்புப் பெயின்ட் அடித்தால் போதும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே வருகிறது. பின்னாலிருந்து தள்ளுகிற எதையும் முன்னால் ஒட்டிய தோல் ரொம்ப நாள் தாங்காது. ஒரு மழைக்காலம் தாண்டும், அடுத்ததில் உரியும். பழைய டைலுக்கு மேலேயே புது டைல் ஒட்டுவதும் அப்படித்தான். கசிவு அடியில் அப்படியே இருக்கும். உடைக்கத்தான் வேண்டும். பழைய பூச்சையும் செங்கல் தெரிகிற வரை கொத்தி எடுங்கள். சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய வீடு என்றால் அந்தச் சாந்து மிருதுவானது, சிமென்ட் பூச்சையும் டைலின் எடையையும் தாங்காது. குளியலறையில் மட்டுமாவது அதை முழுசாக எடுத்துவிட வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை மீறி வந்தது. அப்போது தண்ணீர் புகுந்த வீடுகளில் சில சுவர்கள் பிறகும் வெகுநாள் உப்பு கக்கின. அப்படிப்பட்ட சுவரைச் செங்கல் வரை திறந்துபோட்டு, உப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து உதறி, நன்றாகக் காயவிட்ட பிறகே மேலே போக வேண்டும்.

வேலையின் வரிசை

பொருள் எது என்பதைவிட இது முக்கியம் என்று நான் நினைக்கிறேன். நல்ல விலைகொடுத்து வாங்கிய நீர்த்தடுப்புப் பூச்சு வீணாவதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லா இடத்திலும் காரணம் ஒன்றுதான்: பூச்சு அடித்த பிறகு அந்தச் சுவரில் யாரோ உளி வைத்திருப்பார். பிளம்பர் டைவர்ட்டரை (தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடுகிற வால்வு) கால் இஞ்ச் நகர்த்த வருவார். எலக்ட்ரீஷியன் கீசருக்கு ஒயர் இழுக்க மறந்திருப்பார். எல்லாவற்றையும்விட மோசம், டைல் கொத்தனார் வந்து "சுவர் வழவழன்னு இருக்கு அண்ணாச்சி, சாந்து பிடிக்காது" என்று சொல்லி, சுவர் முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கொத்திவிடுவார். அவர் தொழிலில் அது சரியான பழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு கொத்தும் பூச்சில் ஒரு ஓட்டை. அக்கா வீட்டில் டைலை எடுத்தபோது நாங்கள் கண்டது இதைத்தான். நீர்த்தடுப்புப் பூச்சு இருந்தது. அதன்மேல் நூற்றுக்கணக்கில் உளித்தடமும் இருந்தது.

ஆகவே வரிசை இது: சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி பைப்பும் ஒயரும் ஓட்டுவது, அழுத்தச் சோதனை, காடி அடைப்பது, சுவர்ப் பூச்சு (சிமென்ட் சாந்து பூசுவது), நனைத்து ஆறவிடுவது, மூலைகள், நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை (இரண்டு தடவை அடிப்பது), காயவிடுவது, தண்ணீர்ச் சோதனை, டைல், கிரவுட், குழாய் மாட்டுவது. காடி அடைத்த நாளிலிருந்து அந்த அறைக்குள் உளிக்கு வேலை இல்லை என்று எல்லோரையும் ஒன்றாக நிறுத்திவைத்துச் சொல்லிவிடுங்கள். தனித்தனியாகச் சொன்னால் ஒருத்தர் காதில் விழாமல் போகும்.

மொத்தம் ஏறக்குறைய நாலு வாரம் பிடிக்கும். அதில் ஆட்கள் வேலை பார்ப்பது ஏழெட்டு நாள்தான், மீதி காத்திருப்பு. பால்காய்ப்புக்கு நாள் குறித்துவிட்டு அதிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வருகிற வீடுகளில் முதலில் வெட்டுப்படுவது இந்தக் காத்திருப்புதான். ஆவணியில் பால்காய்ப்பு என்றால் ஆனியிலேயே குளியலறையைக் கையில் எடுத்துவிடுங்கள்.

காடியும் பைப்பும்

நாலரை இஞ்ச் சுவரில் செங்குத்துக் காடி ஒன்றரை இஞ்சுக்கு மேல் ஆழமாகப் போகக் கூடாது. அதாவது சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. படுக்கைவாட்டில் நீளமாகக் காடி ஓட்டுவதைக் கூடிய மட்டும் தவிருங்கள், அது சுவரையே இரண்டாக அறுப்பது மாதிரி. சுத்தியலால் அடித்துக் காடி எடுத்தால் மறுபக்கம் வரை செங்கல் அதிர்ந்து வெடிக்கும். கட்டர் மிஷினில் இரண்டு கோடு அறுத்துவிட்டு நடுவை மட்டும் உளியால் நெம்பி எடுப்பது நல்லது. ஹாலோபிளாக் சுவர் என்றால் இன்னும் கவனம். உள்ளே பொந்து இருப்பதால் ஓர் இடத்தில் நுழைந்த தண்ணீர் எங்கோ போய் வெளிப்படும், மூலத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஷவர் வருகிற சுவரை மட்டுமாவது செங்கல்லிலோ, தூத்துக்குடிச் சாம்பல் கல்லிலோ (அனல்மின் நிலையச் சாம்பலில் செய்கிற கல்) கட்டச் சொல்வேன்.

பைப் ஓட்டி, ஒட்டுப்பசை ஒரு நாள் ஆறிய பிறகு எல்லா வாயையும் பிளக் போட்டு அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 கிலோ (ஒரு சதுர செ.மீ.க்கு) அழுத்தம். மாடித்தொட்டி குழாய்க்கு மேலே 6 மீட்டரில் இருந்தால் தினசரி வருவது 0.6 கிலோதான். நான் 7 கிலோ ஏற்றி, அழுத்தம் காட்டுகிற முள் இறங்காமல் இருக்கிறதா என்று ஒரு ராத்திரி விட்டுவிடுவேன். அரைமணி நேரம் பார்த்துவிட்டுப் பம்பைக் கழற்றுகிற பிளம்பரிடம், "காலையில வந்து எடுத்துக்கிடுங்க, அதுவரை இங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள். கசிவது பெரும்பாலும் பைப்பு இல்லை. குழாய் மாட்டுகிற பித்தளை மரை இருக்கிற எல்போ என்கிற வளைவு இணைப்பும், வெந்நீர் வருகிற இணைப்பும்தான்.

இன்னொன்று. குழாய் வாய்கள் டைல் முகத்துக்குச் சமமாக வந்து நிற்க வேண்டும். பூச்சு அரை இஞ்ச், பசையும் டைலும் சேர்ந்து இன்னொரு அரை இஞ்ச் என்று கணக்குப் பண்ணி இப்போதே மட்டப்புள்ளி வைத்துப் பொருத்துங்கள். உள்ளே அமுங்கிப்போன வாய்க்கு நிப்பிள் போட்டு நீட்டுவார்கள். அந்த நிப்பிளைச் சுற்றிய பொந்துதான் தண்ணீர் சுவருக்குள் போகிற நேர் வழி.

காடி அடைக்கும் முன் ஒரு காரியம். ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் நீட்டிப் பிடித்தபடி படம் எடுத்து வையுங்கள். தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று படத்தில் தெரிய வேண்டும். இதன் அருமை கடைசியில் புரியும்.

அடைப்பதற்கு ஒன்றுக்கு மூன்று (ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல்) சாந்து. காடியை நனைத்து, சாந்தை உள்ளே அழுத்தித் திணித்து, மேலே கோழிவலையை இரண்டு பக்கமும் மூன்று இஞ்ச் ஏறும்படி ஆணி அடித்துப் பூச வேண்டும். செங்கல்லும் கான்கிரீட்டும் சேர்கிற இடத்திலும் கோழிவலை போடுங்கள். வெயிலில் இரண்டும் வேறுவேறு அளவில் நீளும், அந்தக் கோட்டில் வெடிப்பு நிச்சயம் வரும்.

சுவர்ப் பூச்சு

ஒன்றுக்கு நாலு கலவை, அரை இஞ்ச் கனம். எம்-சாண்டில் பூச்சு வேலைக்கென்று சலித்து வருகிற பி-சாண்ட் வாங்குங்கள். பவுடர் அதிகமுள்ள மணலில் பூசினால் காய்கிறபோது முடி மாதிரி வெடிப்பு ஓடும். கடலோர ஊர்களில் கிடைக்கிறது என்பதற்காகக் கரை மணலை அள்ளி வந்து பூசினால் அந்தச் சுவர் ஆயுசுக்கும் வியர்த்துக்கொண்டே இருக்கும்.

தண்ணீரும் அப்படித்தான். தாமிரபரணித் தண்ணீர் வருகிற ஊரில் கவலை இல்லை. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் பல இடங்களில் ஆழ்துளைத் தண்ணீர் நாக்கில் வைத்தாலே உப்புக் கரிக்கும். குளியலறைப் பூச்சுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் ஒரு டேங்கர் வாங்கிவிடுங்கள்.

சாந்தில் கலக்கிற நீர்த்தடுப்புத் திரவம் ஐ.எஸ். 2645 (இந்தியத் தர எண்) முத்திரை உள்ளதாக இருக்கட்டும். ஒரு மூட்டை சிமென்டுக்கு 200 மி.லி. என்பது வழக்கமான அளவு; டப்பாவில் வேறு போட்டிருந்தால் அதுவே சரி. இதைக் கலந்துவிட்டால் மேலே நீர்த்தடுப்புப் பூச்சு தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். அது சாந்தின் துளைகளைக் குறைக்கும், அவ்வளவுதான். வெடிப்பு விழுந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியில் மணியாஸ் கட்டையால் (சாந்தைத் தேய்க்கிற மரப்பலகை) தேய்த்து, சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள். சிமென்ட் பால் ஊற்றிக் கரண்டியால் வழவழப்பாக இழைத்தால், மேலே வருகிற பூச்சு அந்த மெல்லிய சிமென்ட் ஏட்டோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். தூக்குக்குண்டு பிடித்து இப்போதே சுவரை நேராக்கிக்கொள்ளுங்கள். கோணலை டைல் ஒட்டும்போது சரிக்கட்டலாம் என்று விட்டால், சாந்தைக் கனமாக அப்ப வேண்டிவரும்.

ஏழு நாள் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். பிறகு நாலைந்து நாள் காயவிடுங்கள்.

மூலை, மாடம், குழாய் வாய்

பரந்த சுவரில் பெரும்பாலும் கசிவதில்லை. கசிவது மூலையில், தரையும் சுவரும் சேர்கிற கோட்டில், குழாய் வாயில், நானி டிராப்பை (தரையில் தண்ணீர் வெளியேறுகிற வடிகால் வாய்) சுற்றி. அதனால் நீர்த்தடுப்புப் பூச்சு அடிக்கிற நாளில் பாதி நேரம் இங்கேதான் போக வேண்டும்.

தரையும் சுவரும் சேர்கிற இடத்தில் செங்கோணமாக விடாமல், சாந்தை ஒரு இஞ்ச் அளவுக்கு வளைவாக இழைத்துவிடுங்கள். கட்டைவிரலை வைத்து இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். சுவரும் சுவரும் சேர்கிற செங்குத்து மூலைக்கும் சிறியதாக அதேபோல. நானி டிராப்பைச் சுற்றியும் குழாய் வாய்களைச் சுற்றியும் தளர்ந்த சாந்தைச் சுரண்டி எடுத்து, சுருங்காத கிரவுட் என்கிற சிமென்ட் கலவையைத் திணித்து அடைத்து, அது ஆறிய பிறகு மேலே போங்கள். இத்தனையும் நீர்த்தடுப்புப் பூச்சுக்கு முன்னால்.

சோப்பு, ஷாம்பு வைக்கச் சுவரில் மாடம் விடுகிற வழக்கம் இப்போது திரும்பி வந்திருக்கிறது. விளக்கு மாடம் பார்த்து வளர்ந்த நமக்கு அது பிடித்த விஷயம்தான். ஆனால் நாலரை இஞ்ச் சுவரில் மாடம் விட்டால் பின்னால் மிஞ்சுவது ஒன்றிரண்டு இஞ்ச் கனம். படுக்கையறைச் சுவரில் வேண்டாம், வெளிச்சுவர் ஒன்பது இஞ்சாக இருந்தால் அதில் விடுங்கள். அடிப்பலகை வெளிநோக்கிக் கால் இஞ்சாவது சரிய வேண்டும். உட்புறம் ஐந்து முகத்துக்கும் பூச்சு ஏற வேண்டும். முடிந்தால் அடியில் ஒரே துண்டுக் கிரானைட் வையுங்கள், கிரவுட் கோடே இருக்காது.

பூச்சு

கடையில் டாக்டர் ஃபிக்ஸிட், எம்.ஒய்.கே. என்று பல பெயரில் இருக்கும். பெயரைவிட வகை முக்கியம். நமக்கு வேண்டியது ஒரு கேனில் வெள்ளைப் பாலிமர் திரவமும் ஒரு பையில் சிமென்ட் கலந்த பவுடருமாக வருகிற, இரண்டையும் கலந்து அடிக்கிற வகை. சுவரையும் பிடிக்கும், டைல் பசையையும் பிடிக்கும், முடியளவு வெடிப்பு விழுந்தால் கொஞ்சம் நெகிழ்ந்தும் கொடுக்கும். தட்டட்டிக்கு (மொட்டை மாடிக்கு) வாங்கி மிச்சமிருக்கிற ரப்பர் பெயின்டைக் குளியலறையில் அடிக்காதீர்கள், அதன்மேல் டைல் நிற்காது. தாரும் கூடாது.

எவ்வளவு வாங்குவது? எட்டுக்கு ஐந்து அடிக் குளியலறை, ஐந்தடிச் சுவரை ஒட்டி ஷவர் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்தடியும், இரண்டு பக்கமும் மும்மூன்று அடியும் சேர்ந்து 11 அடி. ஏழடி உயரத்துக்கு 77 சதுர அடி. மீதிச் சுவர், கதவு போக, 12½ அடி. இதற்கு ஓரடி உயரம் அடித்தால் போதும் என்பார்கள். நான் நாலடி அடிப்பேன். நம் வீடுகளில் ஷவர் இருந்தாலும் வாளியில் பிடித்துச் செம்பால் மொண்டு ஊற்றுகிறவர்கள்தான் அதிகம், தண்ணீர் எல்லாப் பக்கமும் தெறிக்கும். அது 50 சதுர அடி. தரை 40. மொத்தம் 167. இரண்டு கை அடிக்க, ஒரு கிலோ ஏழெட்டு சதுர அடிக்கு வரும் என்று வைத்தால் 21 முதல் 24 கிலோ. பையில் போட்டிருக்கிற அளவோடு ஒத்துப் பாருங்கள். உங்கள் ஆள் பத்துக் கிலோவில் முடித்துவிட்டேன் என்றால் அது பூச்சு இல்லை, சாயம்.

காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கு மேல் அடித்தால் மேலே காய்ந்து அடியில் பச்சையாக நிற்கும், பிறகு வெடிக்கும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி ஆடிச் சாரலில் இதற்கு நேர்மாறு, முதல் கை காய்வதற்கே ஒரு நாள் பிடிக்கலாம்.

சுவரைத் தூசி போகக் கழுவி, ஈரமாக, ஆனால் தண்ணீர் வழியாமல் வையுங்கள். ஒரு பக்கெட்டில் திரவத்தை முதலில் ஊற்றி, பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்க வேண்டும். பவுடர்மேல் திரவத்தை ஊற்றினால் கட்டி கட்டியாகத் திரளும். டிரில்லில் கலக்கி மாட்டி மெதுவாக ஓட்டுங்கள். வேகம் கூடினால் காற்றுக்குமிழி ஏறும், காய்ந்ததும் அவை ஊசித்துளைகளாக நிற்கும். அரைமணி நேரத்தில் அடித்து முடிக்கிற அளவு மட்டும் கலக்குங்கள். இறுகத் தொடங்கியதும் தண்ணீர் விட்டு இளக்குவார்கள். அதை நின்று தடுக்க வேண்டும். தண்ணீர் சேர்ந்தால் பாலிமர் நீர்த்துப்போய் பூச்சு வலு இழந்துவிடும். இறுகியதைக் கொட்டிவிடச் சொல்லுங்கள்.

முதலில் மூலைகள். வளைவுகளிலும் குழாய் வாயைச் சுற்றியும் ஒரு கை அடித்து, ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலையைப் பட்டையாக வெட்டி அதில் பதித்து, மேலே இன்னொரு கை. வலையின் கண் தெரியக் கூடாது, சுருக்கமும் கூடாது.

பிறகு சுவர் முழுதும். முதல் கை மேலிருந்து கீழாக, சுவரைத் தேய்க்கிற மாதிரி அழுத்தி, துளைக்குள் இறங்கும்படி. நாலைந்து மணி நேரம் கழித்து, விரலில் ஒட்டாமல் ஆனதும், இரண்டாம் கை இடமிருந்து வலமாக. தரையில் அடிக்கிற பூச்சு சுவரில் ஓரடி ஏற வேண்டும், சுவரில் அடிக்கிற பூச்சு அதன்மேல் இறங்கி மூட வேண்டும். இரண்டும் ஒரே தொட்டி மாதிரி சேர்ந்துவிட வேண்டும். நிலைப்படியிலும் பூச்சு மடிந்து ஏறட்டும். குளியலறைத் தண்ணீர் நிலைக்கு அடியில் ஊர்ந்து வந்து படுக்கையறை டைலுக்குள் போவது அடிக்கடி நடப்பது.

மின்விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். விடுபட்ட இடமும் ஊசித்துளையும் நிழலாகத் தெரியும். அங்கெல்லாம் பிரஷ்ஷால் தொட்டுவிடுங்கள். டைலைப் பசையில் இல்லாமல் சாந்தில்தான் ஒட்டப்போகிறீர்கள் என்றால், இரண்டாம் கை ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைச் சுவரில் வீசி ஒட்டவிடுங்கள். காய்ந்ததும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு கிடைக்கும், டைல் கொத்தனாருக்கு உளி எடுக்கக் காரணமே இருக்காது.

இந்தப் பூச்சை நனைக்காதீர்கள். சாந்துக்குத்தான் தண்ணீர் வேண்டும், இது காற்றில் ஆற வேண்டியது. நாலைந்து நாள் ஆளே நுழையாமல் கதவுக்குக் குறுக்கே பலகை அடித்துவிடுங்கள்.

தண்ணீர்ச் சோதனை

நானி டிராப்பைத் துணிப்பந்தால் அடைத்து, தரையில் இரண்டு மூன்று இஞ்ச் தண்ணீர் தேக்கி, சுவரில் சாக்பீஸால் மட்டக்கோடு போட்டு 48 மணி நேரம் விடுங்கள். வெயிலில் கொஞ்சம் வற்றும். பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டால் வற்றியது எவ்வளவு, கசிந்தது எவ்வளவு என்று தெரியும். மாடிக் குளியலறை என்றால் கீழே போய் அறையின் கூரையைப் பார்க்க வேண்டும்.

சுவருக்கு, ஷவர் வருகிற இடத்தில் ஹோஸைப் பிடித்து விட்டு விட்டு நாலைந்து மணி நேரம் தண்ணீர் அடியுங்கள். மறுபக்கச் சுவரில் செய்தித்தாளை டேப் போட்டு ஒட்டிவையுங்கள். கசிவு இருந்தால் தாள் நெளிந்து சுருங்கிக் காட்டிக்கொடுக்கும். இதனால்தான் படுக்கையறைப் பக்கம் பெயின்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

டைல்

இங்கே சுருக்கமாகப் போகலாம், ஒன்றைத் தவிர. நம் ஊரில் டைலின் முதுகு நடுவில் சாந்து உருண்டையை வைத்துச் சுவரில் அமுக்குகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. நடு மட்டும் பிடிக்கும், நாலு மூலையும் பொந்து. கிரவுட் வழியாகப் போகிற தண்ணீர் அந்தப் பொந்தில் தங்கும். நல்ல பூச்சு இருந்தாலும் மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கி நின்றால் நாற்றமும் கறுப்பும் வரும். விட்ரிஃபைட் டைல் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இழுக்காது. அதனால் சிமென்ட் பாலை அது உறிஞ்சிப் பிடிப்பதும் இல்லை, சில வருஷத்தில் கழன்று விழும். ஐ.எஸ். 15477 முத்திரை உள்ள டைல் பசையைச் சுவர் முழுக்கப் பல் கரண்டியால் வாரி இழுத்து ஒட்டச் சொல்லுங்கள். பசையில் ஒட்டும்போது டைலைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. முதல் டைலை ஒட்டியதும் உடனே அதைக் கழற்றிப் பாருங்கள், முதுகு முழுக்கப் பசை படிந்திருக்க வேண்டும். தட்டினால் டொக்கு சத்தம் வரக் கூடாது.

தரை வாட்டம் நாலடிக்கு அரை இஞ்சுக்குக் குறையாமல் நானி டிராப்பை நோக்கி இருக்கட்டும்.

டைலுக்கு நடுவில் இரண்டு மி.மீ. இடைவெளி விட்டு, ஒரு நாள் கழித்து கிரவுட். ஷவர்ப் பகுதிக்கு எபாக்சி என்கிற பிசின் கலந்த கிரவுட் விலை கூடத்தான், ஆனாலும் அதையே சொல்வேன். வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீட்டில் சிமென்ட் கிரவுட் எண்ணெயையும் சீயக்காயையும் குடித்துப் பழுப்பாகிவிடும். அதைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள், ஆசிட் சிமென்டையே தின்றுவிடும். மூலைக் கோடுகளில் மட்டும் கிரவுட் வேண்டாம். சிலிக்கான் சீலன்ட் வையுங்கள், சுவர் அசைகிற இடம் அது.

துளைகள்

கண்ணாடி, துண்டுக் கம்பி, கீசர், கை ஷவர் கொக்கி என்று கடைசியில் வருகிறவர் டிரில்லோடு வருவார். ஷவருக்குள் துளையை எவ்வளவு குறைக்க முடியுமோ குறையுங்கள். துண்டுக் கம்பியைக் கதவுப் பக்கம் மாற்றலாம். கட்டாயம் போட வேண்டிய துளையில், பிளக் செருகும் முன் தூசியை ஊதி எடுத்துவிட்டு, சீலன்ட்டைத் துளை நிறைய நிரப்பி, அதற்குள் பிளக்கையும் ஆணியையும் இறக்குங்கள். ஷவர், டைவர்ட்டர் மூடித்தட்டுகளின் பின்னாலும் ஒரு சுற்று சீலன்ட். அடிப்பக்கம் மட்டும் சின்ன இடைவெளி விட்டால், பின்னால் கசிவு ஏற்பட்டால் வெளியே தெரியும்.

அக்கா வீட்டுக் குளியலறையை இந்த முறையில் முழுக்கத் திரும்பச் செய்தோம். போன மாதம் கீசர் மாற்ற ஒரு பையன் வந்திருந்தான். டிரில்லைச் சுவரில் வைக்கப் போனவனை அக்கா நிறுத்தி, பீரோக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிற படத்தைக் காட்டினாள். மூலையிலிருந்து பதினெட்டு இஞ்சில் வெந்நீர்ப் பைப் மேலே ஏறுகிறது, டேப்போடு அச்சடித்த படம். அவன் எட்டு இஞ்ச் தள்ளித் துளை போட்டான்.

பீரோ இப்போது அதே சுவரில், நாலு விரல் இடைவெளி விட்டு நிற்கிறது. கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு தடவை கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். சுவர் காய்ந்திருந்தது.